பர்த்டேக்குப் போன ஆல்ட்டோ

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மணி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பிட்ச் பைப் இருந்தது. வட்டமாக, பிஸ்கட் அளவில் இருக்கும். ஓரத்தில் உள்ள துளையில் வாயை வைத்து ஊதினால் ஒரு சுரம் வரும். பாட்டுக்குச் சுருதி பிடிப்பதற்காக அப்பா வாங்கியது. காலை ஷிப்ட் இல்லாத நாட்களில் அப்பா ஒன்பது மணிக்கு அதை ஊதுவார். எட்டுப் பிள்ளைகளில் கைக்குழந்தை போக மற்ற ஏழு பேரும் வந்து பாயில் உட்கார வேண்டும். அப்பா வேலைக்குப் போன நாட்களில் அம்மா ஊதுவாள். இடுப்பில் குழந்தை இருப்பதால் அவள் ஊதும்போது பாதிக் காற்று வெளியே போய்விடும். சுரம் கொஞ்சம் அழுகிற மாதிரி வரும்.

அப்போது ஹெப்பகோடியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். பிள்ளைகளை ஏன் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "கர்த்தர் எங்க கையிலதான குடுத்தாரு? நாங்க எதுக்கு இன்னொருத்தர் கையில குடுக்கணும்?" என்பார். கேட்டவர்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் மட்டும் வேறு காரணங்கள் உலவின. எங்களில் யாருக்கோ வலிப்பு என்று ஒரு பேச்சு இருந்தது. யாருக்கு என்பதில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

உண்மையில் எங்கள் பள்ளிக்கூடம் மற்றப் பள்ளிக்கூடங்களைவிடக் கண்டிப்பானது. அப்பா ஒரு வருகைப் பதிவேடுகூட வைத்திருந்தார். அதில் ஒருவரும் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும், படுத்திருப்பது பள்ளிக்கூடத்துக்குள்தானே. ஒரே புத்தகம்தான் மேலிருந்து கீழே இறங்கி வரும். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்தபோது, எனக்கு மூத்தவர்கள் நான்கு பேர் எழுதி எழுதி அழித்ததில் விடைகள் தாளில் பள்ளமாகவே பதிந்துபோயிருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். நான் கணக்கில் கெட்டிக்காரி என்று அம்மா நம்பியதற்கு அதுதான் காரணம். பிற்பாடு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதியபோது கணக்கில்தான் தட்டுத்தடுமாறித் தேறினேன். அதற்கு மேல் படிக்கவில்லை. இப்போது சந்தாபுராவில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். அங்கே கூட்டிக் கழிக்க இயந்திரம் இருக்கிறது.

படிப்பைவிடப் பாட்டுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். ஒரே பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவோம். மெட்டு என்று எல்லோரும் அறிந்தது சோப்ரானோ. அது பெரிய அக்காவுக்கும் சின்ன அக்காவுக்கும் தங்கைக்கும். பெரிய அண்ணன் டெனர், ஆண்குரலில் மேலே போவது. அப்பாவும் சின்ன அண்ணனும் பேஸ், எல்லாவற்றுக்கும் அடியில் போவது. தம்பிக்கு ஆறு வயது. அவன் எதிலும் சேராமல் கத்துவான். நான் ஆல்ட்டோ. என் குரல் கொஞ்சம் தடிப்பு என்று ஏழு வயதிலேயே எனக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். ஆல்ட்டோ என்பது மெட்டுக்குக் கீழே போகிற குரல். மெட்டு மாடிப்படி ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருக்கும்போது, ஆல்ட்டோ கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டிருக்கும். எப்போதாவது ஒரு படி ஏறும், உடனே இறங்கிவிடும்.

வீட்டில் அந்தப் பெயராலேயே கூப்பிடவும் செய்வார்கள். "ஆல்ட்டோ, தண்ணி மோந்து கொண்டா" என்பார் அப்பா. சோப்ரானோ என்று கூப்பிட்டால் மூன்று பேர் வருவார்கள். என்னைக் கூப்பிட்டால் நான் மட்டும்தான் வருவேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வெளியில் அந்தப் பெருமை செல்லாது. வருஷத்துக்கு ஒருமுறை ஒரே துணியில் வெட்டி எல்லோருக்கும் அம்மா தைப்பாள். பெண்களுக்குக் கவுன், பையன்களுக்குச் சட்டை, மிச்சத்தில் குழந்தைக்கு ஜட்டி. தெருவில் போனால் ஒரு திரைச்சீலை நகர்வது மாதிரி இருக்கும். வீட்டுக்காரம்மா கன்னடக்காரர். என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்தி, "இது யாவுது? மூறனேதா, நால்கனேதா?" என்று கேட்பார். நான் மூன்றாவதா நான்காவதா என்று அவருக்கு நிச்சயம் தெரிந்தாக வேண்டும். "ஐதனேது" என்று சொல்வேன், ஐந்தாவது என்று. "ஓ" என்று தலையாட்டுவார். மறுநாள் மறுபடி கேட்பார்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்குத் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்கு ஒரே பெண். என் வயது. நீல நிறப் பாவாடையும் டையும் கட்டிக்கொண்டு பள்ளி வேனில் போவாள். அவள் மட்டும்தான் என்னிடம் எத்தனையாவது என்று கேட்கவில்லை. பேர் கேட்டாள். சொன்னேன். அடுத்த நாள் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். துணி காயப்போடுகிற இடத்தில் பத்து நிமிஷம் நின்று பேசுவோம். பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். எனக்குக் கூச்சம். இருந்தாலும் நாள் முழுக்க அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். பத்துப் பேர் இருந்த வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை என்பது அவள் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒருநாள் அவள் சொன்னாள்: "சனிக்கெழம எனக்குப் பர்த்டே. நீ வரணும். நீ மட்டும் வா, ஆமா. எல்லாரும் வந்தீங்கன்னா கேக்கு பத்தாது."

'நீ மட்டும்' என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் தனியாகப் போகும் வழக்கமில்லை. அம்மாதான் அப்பாவிடம் பேச்சை எடுத்தாள்.

"யார் யாரு போறாங்க?" என்றார் அப்பா.

"அவளை மட்டுந்தான் கூப்பிட்டிருக்காங்க."

"மட்டுமா?" அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யார் வீட்டுப் பிள்ளை என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. ஜெபத்துக்கு முன்ன வந்துடணும்."

போனது நான் மட்டும்தான், ஆனால் புறப்படவைத்தது முழுக் குடும்பம். வாழ்த்து அட்டை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். சின்ன அக்கா பூ வரைந்தாள். பெரிய அண்ணன் தன் அழகான கையெழுத்தில் ஒரு வேத வசனம் எழுதினான். தங்கை ஜரிகைத் தாள் ஒட்டினாள். கடைசியில் கீழே எல்லோருடைய பெயரையும் வயது வரிசைப்படி எழுதினார்கள். குழந்தையின் பெயரும் இருந்தது. என் பெயர் ஐந்தாவது வரியில் வந்தது.

பக்கத்து வீட்டில் அவளுடைய பள்ளித்தோழிகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். பலூன் கட்டியிருந்தது. நடுவில் பேக்கரி கேக். வீட்டுக்காரம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக நின்றேன். தோழிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீ எந்த ஸ்கூல்?"

"வீட்லயே படிக்கிறோம்."

"வீட்லயா? மிஸ் யாரு?"

"எங்கம்மா."

"அம்மாவ மிஸ்ஸுன்னு கூப்பிடுவியா?"

"இல்ல, அம்மான்னுதான்."

"அப்போ லீவ் லெட்டர் யார்கிட்ட குடுப்ப?"

இன்னொருத்தி, "ஏய், இவளுக்கு எல்லாமே ஹோம்வொர்க்குதான்டீ!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. என்னிடமே ஆறு பேர் கேள்வி கேட்கிறார்கள், பதிலை நானே சொல்கிறேன். பெரிய அக்கா முந்திக்கொள்ளவில்லை. அப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

கேக் வெட்டுவதற்கு முன் பிறந்தநாள்காரி கையைத் தட்டினாள். "இவ சூப்பரா பாடுவா தெரியுமா? சர்ச்சுல மைக்ல பாடுறாங்க இவங்க. தெனமும் சாயங்காலம் எங்க வூட்டுக்கே கேக்கும். ஏய், அந்தப் பாட்டு பாடுடி, தெனமும் பாடுவீங்களே, அது."

எங்கள் சாயங்கால ஜெபத்தில் தவறாமல் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதைத்தான் கேட்டாள். அவள் எல்லோர் முன்னாலும் என்னைத் தன் தோழி என்று காட்டிக்கொள்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நன்றாகப் பாடிவிட்டால் இனி துணி காயப்போடுகிற இடத்தில் மட்டும் இல்லை, எங்கேயும் அவள் என்னோடு நிற்பாள் என்று தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வழக்கப்படி சுருதிக்காகக் காத்திருந்தேன். பிட்ச் பைப் இல்லை. இடப்பக்கம் பார்த்தேன், சின்ன அக்கா இல்லை. வலப்பக்கம் பெரிய அண்ணன் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

எனக்குத் தெரிந்த பாட்டைத்தான் பாடினேன். இரண்டு வருஷமாகத் தினமும் பாடியது. ஒரு சுரமும் பிசகவில்லை. அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் முதல் வரி முடிந்ததும் தோழிகள் பிறந்தநாள்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி இது, வாய்ப்பாடு ஒப்பிக்கிறா மாதிரி ஒரே இழுவையா இழுக்கறா?" என்றாள் ஒருத்தி.

"இது இல்ல, அந்தப் பாட்டு பாடு" என்றாள் பிறந்தநாள்காரி.

"இதுதான் அது."

"வார்த்த அதுதான். பாட்டு அது இல்லியே." அவள் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "உங்க வூட்டுப் பாட்டு உனுக்கே தெரியாதா?"

தெரியாது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கே அது தெரியவந்தது. மற்றவர்கள் பாடுவது தினமும் என் காதில் விழும். ஆனால் அது அவர்கள் பாடுவது. நான் பாடுவதுதான் எனக்குப் பாட்டு. தனியாக எடுத்து வைத்தால் அது பாட்டே இல்லை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"நான் பாடறேன் பாரு" என்று அவள் ஆரம்பித்தாள். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டே படித்திருக்கிறாள். 'கர்த்தாவே' என்று வருகிற இடத்தில் 'காத்தாடியே' என்று பாடினாள். சுவரைத் தாண்டும்போது வார்த்தை அப்படித்தான் ஆகியிருந்தது. மெட்டு மட்டும் அப்படியே சுத்தமாக இருந்தது. ஏறுகிற இடத்தில் ஏறியது, நிற்கிற இடத்தில் நின்றது. தோழிகள் தலையாட்டினார்கள். வீட்டுக்காரம்மா, "ஹா, இதே, இதே" என்றார். தெருவில் எல்லோருக்கும் எங்கள் பாட்டு தெரிந்திருந்தது.

மெட்டு காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இரண்டாவது வரியில் நான் என் இடத்தில் போய் நின்றேன். அவள் மேலே, நான் கீழே. ஒரு வரிதான். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. வெளி ஆள் ஒருத்தியோடு நான் பாடுவது அதுதான் முதல் தடவை.

அவள் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தினாள். "நீ குறுக்க குறுக்க பாடாதடி! எனுக்குத் தப்பிப்போவுது."

நிறுத்திக்கொண்டேன். அவள் மறுபடி முதலிலிருந்து தனியாகப் பாடி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கேக் வெட்டினார்கள். அவளுடைய அம்மா நல்லவர். நான் கிளம்பும்போது ஒரு தட்டு நிறைய கேக்கும் மிக்சரும் வைத்து மூடி, "எல்லாருக்கும் குடும்மா, எட்டுப் பேராச்சே" என்றார். அவள் தோழிகளோடு பலூன் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் போவதைப் பார்க்கவில்லை. வாசலில் வீட்டுக்காரம்மா, "நீனு மூறனேதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேக்கில் முந்திரி இருந்ததா என்று மட்டும் கேட்டார்கள். அம்மா மட்டும் கேட்டாள். "நல்லா இருந்துச்சா?" என்றாள். "ம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஜெபம். பாய் விரித்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அப்பா பிட்ச் பைப் ஊதினார். நான் ஒரு முடிவோடு இருந்தேன். இனிமேல் பாட்டைப் பாடுவது, எல்லோரும் 'இதே, இதே' என்று சொல்வார்களே, அதை. பக்கத்து வீட்டுக்காரி பாடியது காதில் அப்படியே இருந்தது. முதல் வரியில் அக்காக்களோடு சேர்ந்து மேலே ஏறினேன்.

அப்பா கையைத் தூக்கினார். எல்லோரும் நிறுத்தினோம்.

"ஆல்ட்டோ எங்க?"

தம்பி உடனே சொன்னான்: "ஆல்ட்டோ பர்த்டேக்குப் போயிடுச்சுப்பா!"

வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மறுபடி ஊதினார். நான் மறுபடி மெட்டைப் பாடினேன். இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை.

"என்னம்மா?"

"எனக்கு மெட்டு பாடணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"மெட்டுக்கு மூணு பேர் இருக்காங்க. உன் எடத்துல நீ ஒருத்திதான். நீ போயிட்டா அங்க யாரு?" என்றார் அப்பா. அதட்டவில்லை. விளக்கித்தான் சொன்னார். அங்கே நான் ஒருத்திதான் என்பதுதானே என் குறை என்று அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. சின்ன அக்கா முழங்கையால் இடித்து, "மூக்க தொடைச்சிக்கோ" என்றாள்.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். ஜெபத்தில் அம்மா உட்கார்ந்து பாடுவதே கிடையாது. அடுப்பில் சோறு இருக்கும், மடியில் குழந்தை இருக்கும். வாசல்படியில் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். அன்று குழந்தையைத் தூக்கிப் பெரிய அக்கா மடியில் போட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் பெரிய அண்ணனுக்கும் நடுவில் இடம் பண்ணி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். "ஊதுங்க" என்றாள் அப்பாவிடம்.

பாட்டு தொடங்கியது. அம்மா ஆல்ட்டோ பாடினாள்.

அவளுடைய குரலை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. வெங்காய வாசனை அடித்தது. என் வரியை, நான் பாடுகிற அதே வரியை, நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டுப் பாடினாள். சரி, என்னை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அழுதுகொண்டு வேலை செய்யாத பிள்ளை கையிலிருந்து துடைப்பத்தை வாங்கித் தானே கூட்டுவாள் அம்மா. அதுபோல இதையும் வாங்கிக்கொண்டாள். மெட்டும் எனக்கு இல்லை, இருந்த ஒன்றும் இனி இல்லை. இரண்டாவது வரியில் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். புருவத்தைத் தூக்கி, வா என்பதுபோல் தலையை அசைத்தாள். நான் பாயில் பிய்ந்திருந்த கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இந்தமுறை கையைத் தூக்கவில்லை. நான்கு குரலும் சரியாக இருந்ததால் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஜெபம் முடிந்ததும் அம்மா எழுந்து போய்ச் சோற்றை இறக்கினாள். கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. மறுநாள் அவள் வாசல்படியிலேயே நின்றாள். நான் என் இடத்தில் உட்கார்ந்து ஆல்ட்டோ பாடினேன். எல்லாம் பழையபடி ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அதற்குப் பிறகும் துணி காயப்போடுகிற இடத்தில் பேசியிருக்கிறேன். பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். பாடச் சொல்லி மட்டும் மறுபடி கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

எங்களுக்கு நான்கு குரலையும் சொல்லிக்கொடுத்தவள் அம்மாதான். அக்காக்களுக்கு மெட்டைப் போட்டுக்கொடுத்தாள். அண்ணன்களுக்கு, தன் குரலுக்கு எட்டாத இடத்தையும் தாழ்த்தித் தாழ்த்திப் பாடிக் காட்டினாள். அன்று அவள் எந்தக் குரலில் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். மூன்று பேர் பாடிக்கொண்டிருந்த மெட்டில் சேர்ந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். வருஷக்கணக்கில் பாடாத குரல் கொஞ்சம் பிசிறினாலும் வெளியே தெரிந்திருக்காது. அதை விட்டுவிட்டு, யாருமே இல்லாத என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் துணைக்கு வந்திருக்கிறாள் என்று அன்று தெரியவில்லை. சோறு அடிப்பிடிக்க, பிசிறுகிற குரலில், மூன்று சரணத்தையும் அவள் தனியாகவே பாடி முடித்தாள்.